சுவரோரத்துப் பிள்ளை

இளம் பாதர் கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அம்மா, நன்மை கொண்டு வந்திருக்கிறன்" என்றார். நற்கருணை அப்பத்தை எங்கள் பக்கத்தில் நன்மை என்றுதான் சொல்லுவோம்.

என் தங்கை பிலோமினா கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தாள். பிறகு சிரமப்பட்டுப் புரண்டு, சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.

"வேண்டாம் சுவாமி. நீங்க தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ."

பாலையூற்றில் அவளுடைய வீடு. பின்னேர வெயில் யன்னல் கம்பியூடாகக் கட்டிலில் விழுந்திருந்தது. அறையில் சித்தாலேபத் தைல வாசமும் கஞ்சி வாசமும் கலந்து கிடந்தன. குசினியில் அவளுடைய மகள் ரீற்றா கோப்பை கழுவிக்கொண்டிருந்த சத்தம் சட்டென்று நின்றது. டொக்டர்மார் கைவிரித்து, ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிப் பதினைந்து நாளாகியிருந்தது.

நான் வாசலில் நின்றேன். உண்மையைச் சொல்கிறேன். தங்கை போகப்போகிறாளே என்ற துக்கம் அந்த நேரத்தில் எனக்கு வரவில்லை. ஞானோபதேசம் படிப்பிக்கிற மாஸ்டரின் தங்கை பாதரைத் திருப்பி அனுப்பினாள் என்று ஊர் கதைக்கப்போகிறதே என்ற வெட்கம்தான் முதலில் வந்தது.

"பிலோ, இதென்ன கூத்து? நாப்பது வருசமாக் கோயில்ல காட்டின கூத்துக் காணாதே?" என்று கத்தினேன்.

பாதர் என்னைப் பேசாமல் இருக்கும்படி கை காட்டினார். தேத்தண்ணீரைக் குடித்தார். அவளுடைய தலையில் கை வைத்துச் செபித்துவிட்டு எழுந்தார். படலையடியில் என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

"மாஸ்டர், கோபப்படாதேங்கோ. அவவின்ர மனசுக்குள்ள ஏதோ ஒண்டு கிடக்கு. நீங்க ஒருக்காக் கேட்டுப் பாருங்கோவன்."

நாற்பது வருஷத்தில் நான் அவளை ஏசியிருக்கிறேன், புத்தி சொல்லியிருக்கிறேன், முகம் கொடுக்காமல் இருந்திருக்கிறேன். ஒருமுறைகூட ஏன் என்று கேட்கவில்லை.

ஊர் வாய்

பிலோ கோயிலுக்கு வராதவள் அல்ல. மழையென்றாலும் ஞாயிறு பூசைக்கு வந்துவிடுவாள். ஊரடங்குச் சட்டம் எடுத்த மறுநாளே வந்து முழந்தாளில் நின்றவள். பாட்டெல்லாம் பாடுவாள். ஆனால் நன்மைக்கு எல்லோரும் எழுந்து வரிசையாகப் போகும்போது அவள் மட்டும் அசையமாட்டாள். பாவசங்கீர்த்தனத்துக்கும் போவதில்லை.

எங்கள் ஊரில் இதைவிட வேறு விஷயம் வேண்டுமா கதைப்பதற்கு? கள்ளத் தொடர்பு என்றார்கள். செய்வினை செய்தவள் என்றார்கள். புருஷன் சூசைக்குச் சாப்பாட்டில் ஏதோ போட்டுக் கொடுத்து வைத்திருக்கிறாள் என்றுகூட ஒருத்தி சொன்னாள். சூசை பாவம், சாகும்வரை பூனை மாதிரி இருந்த மனிதன். அவனுக்கு மருந்து போட்டு என்ன செய்வது?

ஒருநாள் பூசை முடிந்து வரும்போது வாசலில் மறித்தேன். "பாவமெண்டா போய்ச் சொல்லு. அதுக்குத்தானே சுவாமி இருக்கிறார். என்ர மரியாதையையும் சேர்த்து ஏன் கெடுக்கிறாய்?"

"நான் பாவம் ஒண்டும் செய்யேல்லை அண்ணா" என்றாள். பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாள்.

அதன்பிறகு இரண்டு வருஷம் நாங்கள் கதைக்கவில்லை. நத்தார் கேக் மட்டும் ரீற்றாவின் கையில் வந்து சேரும். நான் அதைச் சாப்பிட்டேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நாலு பெட்டி

நான் துறைமுகத்தில் கிளாக்கராக இருந்தேன். அது வயிற்றுப்பாட்டுக்கு. ஞாயிறு காலையில் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் படிப்பிப்பதுதான் என் உயிர். இருபத்திரண்டு வயதில் தொடங்கினேன். பழைய ஞானோபதேசப் புத்தகத்தைத் தலைகீழாகச் சொல்லுவேன். என்னிடம் பதில் இல்லாத கேள்வி ஊரில் இல்லை.

கடைசி நாள் பாடம் எனக்கு மிகவும் பிடிக்கும். எக்காளம் ஊதும், கல்லறைகள் திறக்கும், செத்தவர்கள் எல்லோரும் தங்கள் தங்கள் உடம்போடு எழும்புவார்கள். இதைச் சொல்லும்போது என் குரலே மாறிவிடும் என்பார்கள்.

பிள்ளைகள் விடுவார்களா? கடலில் சுறா தின்ற ஆள் எப்படி எழும்புவார்? ஆண்டவர் சேர்த்து எடுப்பார் என்பேன். சீனி வருத்தத்தில் கால் எடுத்த தாத்தா? இரண்டு காலோடும் எழும்புவார். எந்த வயதில் எழும்புவோம்? முப்பத்து மூன்று வயதில், ஆண்டவர் மரித்து உயிர்த்த வயதில். அப்படி ஒரு பழைய நம்பிக்கை உண்டு. நான் அதைச் சட்டம் மாதிரிச் சொல்லுவேன்.

"அப்பப்பாவுக்கும் முப்பத்து மூண்டு, அப்பாவுக்கும் முப்பத்து மூண்டு எண்டா, ஆர் சேர் ஆருக்கு அடிக்கிறது?" என்று ஒருத்தன் கேட்டான். வகுப்பே சிரித்தது. அவனை வெளியே நிறுத்தினேன். இப்போது நினைத்தால் நானும் சிரித்திருக்கலாம்.

பிறகு கரும்பலகையில் நாலு பெட்டி கீறுவேன். முதலாவது மோட்சம். இரண்டாவது உத்தரிக்கிற ஸ்தலம், பாவக்கடனைத் தீர்த்துவிட்டு மோட்சத்துக்குப் போகிறவர்கள் இருக்கிற இடம். மூன்றாவது நரகம். நாலாவது, ஞானஸ்நானம் பெறாமல் செத்த குழந்தைகளுக்கு. அங்கே வேதனை இல்லை, ஆனால் ஆண்டவரின் முகமும் இல்லை. மற்ற மூன்று பெட்டியிலும் ஏதாவது படம் போடுவேன். நாலாவதில் ஒன்றும் போடமாட்டேன்.

துறைமுகத்தில் என் பக்கத்து மேசை ஹனிபா நானா. கிண்ணியாவில் அப்போது பாலம் இல்லை, பாதை என்கிற மிதவையில் ஏறிக் கடலைக் கடந்துதான் வேலைக்கு வருவார். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் இந்தக் கதை வந்தது.

"எங்கட மார்க்கத்தில அப்பிடியில்ல மாஸ்டர்" என்றார். "சின்னப்புள்ள மௌத்தானா, அது சுவர்க்கத்து வாசல்ல நிண்டு உம்மாவையும் வாப்பாவையும் கையப் புடிச்சு இழுத்துக்கொண்டு போகும்."

நான் சிரித்தேன். "அது ஆறுதலுக்குச் சொல்லுற கதை நானா" என்றேன். அவர் சோற்றைப் பிசைந்தபடி, "ஆறுதல் கூடாதோ?" என்று கேட்டார். நான் கை கழுவப் போய்விட்டேன்.

தபசுகாலம்

ரீற்றாவுக்கு முன்னால் பிலோவுக்கு ஒரு ஆண் பிள்ளை பிறந்தது. நாற்பது நாள் நோன்புக் காலமான தபசுகாலம் தொடங்குவதற்கு ஒரு கிழமைக்கு முன். ஞானஸ்நானத்தில் பிள்ளைக்குப் பொறுப்பேற்கிற ஞானத்தகப்பன் நான்தான் என்று முன்பே பேச்சு.

வருகிற ஞாயிறே ஞானஸ்நானம் கொடுத்துவிடலாம் என்றாள் பிலோ. நான் விடவில்லை. ஒரு கிழமைக்குள் என்ன ஆயத்தம் செய்வது? விபூதிப் புதன் வந்தால் பிறகு கொண்டாட்டம் ஏது? நாற்பது நாள் பொறுத்தால் உயிர்ப்பு விழா இரவில், புதிதாக ஆசீர்வதித்த தீர்த்தத்தில், புது மெழுகுதிரி வெளிச்சத்தில் கொடுக்கலாம். எவ்வளவு அழகு! திருச்சபை அப்படிக் கட்டாயப்படுத்தவில்லை. கட்டாயப்படுத்தியது நான்.

"பிள்ளை கொஞ்சம் மெலிவாக் கிடக்கிறான் அண்ணா. கெதியாச் செய்தா நல்லம்."

"ஒண்டும் வராது. நான் சொல்லுறன்தானே."

ஐந்தாம் கிழமை ஒரு விடியற்காலை பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து இழுத்தது. சூசை துறைமுகத்தில் வேலைமுறை முடிந்து வந்திருக்கவில்லை. பிலோ தனியே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடி, மரக்கறி லொறி ஒன்றை மறித்து ஏறினாள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

உயிருக்கு ஆபத்தென்றால் சுவாமியார் தேவையில்லை. யாரும் தலையில் தண்ணீர் ஊற்றி, அந்த நாலு சொல்லைச் சொல்லி ஞானஸ்நானம் கொடுக்கலாம். அதை நான் வருஷா வருஷம் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். பெற்ற தாய்க்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

நான் போனபோது அவள் ஆஸ்பத்திரி வாங்கில் உட்கார்ந்திருந்தாள். பிள்ளையைச் சீலைத் தலைப்பால் மூடி, பால் கொடுப்பதுபோலவே வைத்திருந்தாள்.

பங்குச் சுவாமி தியானத்துக்கு வெளியூர் போயிருந்தார். நான் தீர்மானித்தேன். ஞானஸ்நானம் பெறாத பிள்ளையை மந்திரித்த மண்ணில் வைக்க ஏலாது என்றேன். ஆட்கள் என் சொல்லைக் கேட்டார்கள். சேமக்காலையின் வடக்குச் சுவரோரம், எருக்கலை பற்றிக் கிடந்த இடத்தில் குழி வெட்டினார்கள். மணி அடிக்கவில்லை. குருசு நடவில்லை. சூசை எண்ணெய் படிந்த வேலைக் காற்சட்டையோடு அந்தச் சின்னப் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தான்.

திரும்பி வரும்போது சேமக்காலை வாசலில் பிலோ நின்றாள்.

"அண்ணா, நான் செத்தாப் பிறகு இவனைக் காணுவனோ?"

எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. எல்லாம் தெரிந்தவன்.

"இல்லை பிலோ. நீ மோட்சத்துக்குப் போவாய். அவன்ர இடம் வேற. ஆனா அவனுக்கு அங்க நோ ஒண்டும் இல்லை."

கடைசியாகச் சொன்னதை ஆறுதல் என்று நினைத்தேன்.

"ஆரும் அங்க போய்ப் பாக்க ஏலாதோ?"

"ஏலாது."

சரி என்று தலையாட்டினாள்.

சைக்கிளில் கால் மணி நேரம்

பங்குச் சுவாமி ஒரு கிழமை கழித்து வந்தார். நடந்ததை ஒழுங்காக ஒப்புவித்தேன், பாராட்டுவார் என்ற எண்ணத்தில். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"ஏன் ராசா அவசரப்பட்டனீ? நான் வந்து ஒரு செபம் சொல்லியிருப்பனே. ஆண்டவரின்ர இரக்கத்துக்கு வேலி அடைக்க நாங்கள் ஆர்? போ, போய்த் தங்கச்சியிட்டச் சொல்லு. பிள்ளையை அவர்ர கையில விட்டிட்டு நம்பியிருக்கச் சொல்லு."

"ஓம் சுவாமி" என்றேன்.

போகவில்லை. என் வீட்டிலிருந்து பாலையூற்று சைக்கிளில் கால் மணி நேரம். நாளைக்குப் போகலாம் என்று நினைத்தேன். போனால் நான் சொன்னது பிழை என்று சொல்ல வேண்டும். ஊர் முழுக்கச் சரியான பதில் சொல்லுகிறவன், சொந்தத் தங்கைக்குப் பிழையான பதில் சொன்னேன் என்று எப்படிச் சொல்வது? நாளைக்கு, நாளைக்கு என்று போய்க்கொண்டே இருந்தது.

பிறகு சுவாமி மாற்றலாகிப் போனார். கலவரம் வந்தது, யுத்தம் வந்தது. எல்லா வீட்டிலும் சாவு விழுந்தது. இந்த நினைவுக் குறிப்பின் முன்னைய அத்தியாயங்களில் அதையெல்லாம் எழுதிவிட்டேன். அத்தனை சாவுக்குள் ஒரு கைக்குழந்தையின் சாவு கரைந்துவிட்டது என்று நான் என்னைத் தேற்றிக்கொண்டேன். காலப்போக்கில் திருச்சபையும் அந்த நாலாவது பெட்டியைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டது. அப்படிப்பட்ட பிள்ளைகளை ஆண்டவரின் இரக்கத்தில் ஒப்படைத்து நம்பிக்கையோடு இருங்கள் என்றுதான் இப்போது படிப்பிக்கிறோம். நானே படிப்பித்தேன். கரும்பலகையில் மூன்று பெட்டி மட்டும் கீறினேன். அப்போதும் பாலையூற்றுக்குப் போகவில்லை.

கேட்டேன்

பாதர் திரும்பிப் போன மறுநாள் காலையில் போனேன். ரீற்றா அவளுக்குக் கஞ்சி பருக்கிவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் கோப்பையோடு வெளியே போனாள்.

"பிலோ, ஏன் நீ நன்மை எடுக்கிறேல்லை?"

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். இவனுக்கு ஏன் இது தெரியவில்லை என்பதுபோல் இருந்தது அந்தப் பார்வை.

"எடுத்தா மோட்சத்துக்குப் போயிடுவன் அண்ணா."

வருத்தத்தில் புலம்புகிறாள் என்று நினைத்தேன்.

"நீங்கதானே சொன்னனீங்கள். மோட்சத்துக்குப் போனா அவனைக் காண ஏலாதெண்டு. அதுதான் எடுக்கேல்லை. பாவம் செய்தா நரகம், அங்கயும் அவன் இல்லை. அதால பாவமும் செய்யாம, நன்மையும் எடுக்காம நடுவில இருந்தனான்."

ஊர் முழுக்க நம்பிக்கை இல்லாதவள் என்று சொன்னோமே, என் ஞானோபதேசத்தை அவளைப்போல் முழுதாக நம்பியவர் வேறு ஒருவரும் இல்லை.

"சூசையை நினைக்கேல்லையோ? ரீற்றாவை?"

"அவருக்கு அவற்ர அம்மா, அண்ணன்மார் எல்லாரும் அங்க இருக்கினம். ரீற்றாவுக்குப் புருசன், பிள்ளையள். இவனுக்கு ஆர் இருக்கினம்?"

நான் அழுதேன். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். திருச்சபை இப்போது அப்படிச் சொல்வதில்லை என்றேன். பங்குச் சுவாமி அப்போதே சொல்லி அனுப்பியதையும் சொன்னேன்.

"அப்பவே சொன்னவரோ?"

"ஓம்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"வெக்கமாயிருந்தது பிலோ."

அவள் ஏசியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். ஏசவில்லை. விரலால் போர்வைக் கரையை நிமிண்டிக்கொண்டே இருந்தாள்.

"அப்ப அவன் மோட்சத்தில நிக்கிறானோ?"

"ஓம்."

"நிச்சயமோ?"

நிச்சயம் என்ற சொல் என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. வாழ்நாள் முழுக்க எனக்குத் தடையில்லாமல் வந்த சொல் அது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்டைக்கும் நீங்க இப்பிடித்தான் அண்ணா அடிச்சுச் சொன்னனீங்கள்."

"எனக்குத் தெரியாது பிலோ" என்றேன். "நம்புறன். தெரியாது."

"இதை அண்டைக்குச் சொல்லியிருக்கலாம்" என்றாள்.

பிறகு அவளே கேட்டாள். "முப்பத்து மூண்டு வயசில எழும்புவினம் எண்டு சொல்லுவீங்களே. மீசையோட வந்து நிண்டா நான் என்னெண்டு அடையாளம் காணுறது?" சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, ரீற்றா ஓடி வந்து முதுகைத் தடவ வேண்டியதாயிற்று.

பிலோவின் தீர்ப்பு

மூன்றாம் நாள் ரீற்றா போன் எடுத்தாள். "மாமா, அம்மா உங்களை வரட்டாம். பாதரையும் பின்னேரம் வரச்சொல்லியாச்சு."

மனம் குளிர்ந்து போனேன். பிலோ தலையணையில் சாய்ந்து இருந்தாள். தலை சீவி, வெள்ளைச் சட்டை போட்டிருந்தாள்.

"அண்ணா, நான் இண்டைக்கு நன்மை எடுக்கிறன்."

"ஆண்டவருக்குத் தோத்திரம்" என்றேன்.

"நீங்க விடுங்கோ."

விளங்கவில்லை.

"பாதர் சொல்லுறது சரியெண்டா நான் அவனோட இருப்பன். நீங்க அண்டைக்குச் சொன்னது சரியெண்டா நீங்க அவனோட இருங்கோ. ரெண்டில எந்த இடமெண்டாலும் அவனுக்கு ஒராள் இருக்கவேணும். நீங்கதானே ஞானத்தகப்பன்."

அப்படியெல்லாம் கணக்கு இல்லை என்று எனக்குத் தெரியும். பத்துக் காரணம் சொல்லியிருப்பேன், புத்தகத்திலிருந்து வரிவரியாக. ஏழு வயதில் முதல் நன்மை எடுத்த நாளிலிருந்து ஒரு ஞாயிறும் நான் தவறவிட்டதில்லை. அது இல்லாமல் சாவதை நான் நினைத்தும் பார்த்ததில்லை. அவளோ நான் என்ன சொல்லப்போகிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்பது வருஷம் இதை அவள் தனியே செய்திருக்கிறாள். அதுவும் என் ஒரு வார்த்தைக்காக.

"ஓம்" என்றேன்.

பின்னேரம் பாதர் வந்தார். நாங்கள் எல்லோரும் வெளியே நிற்க, பிலோ பாவசங்கீர்த்தனம் செய்தாள். உள்ளே கூப்பிட்டபோது அவள் கைகுவித்து வாயைத் திறந்தாள். நன்மையை வாங்கி, கண்ணை மூடாமல் மெதுவாக விழுங்கினாள். ரீற்றா வாங்கினாள். பிறகு பாதர் என் பக்கம் திரும்பி, "மாஸ்டர்" என்று நன்மையை நீட்டினார்.

பிலோவின் கண் என்மேல் இருந்தது. நான் தலையை ஆட்டி, வேண்டாம் என்றேன். அதற்குப் பிறகுதான் அவள் கண்ணை மூடினாள்.

பதினோராம் நாள் போய்விட்டாள். சூசையின் கல்லறையைத் திறந்து அதிலேயே வைத்தோம்.

இப்போது மூன்று வருஷம். நன்மை நேரத்தில் எனக்குப் பக்கத்தில் இருக்கிறவர்கள் என் முழங்காலை இடித்துக்கொண்டு கடந்து போகிறார்கள். மாஸ்டர் இந்த வயதில் என்ன பாவம் செய்தாரோ என்று ஊர் கதைக்கிறது என்று ரீற்றா வந்து அழுதாள். எனக்குப் பசிக்கிறது, அப்படித்தான் சொல்ல வேண்டும். பயமாகவும் இருக்கிறது.

இளம் பாதருக்கு முழுக்கதையும் தெரியும். போன கிழமையும் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். "மாஸ்டர், பிள்ளை ஆண்டவரிட்டத்தான் இருக்கிறான். தாயும் மகனும் சேர்ந்தாச்சு. நம்புங்கோ. நன்மைக்கு வாங்கோ."

அவர் சொல்வது சரியாகத்தான் இருக்கும். நானும் அதைத்தான் நம்புகிறேன். ஆனால் நான் நம்பியதை வைத்துத்தான் அந்தப் பிள்ளையை ஏற்கெனவே ஒருமுறை தனியே விட்டுவிட்டு வந்தோம்.